எட்டரை ஆள்

மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையைத்தான் ஆலோசகருக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் அதில் உடைந்த பெஞ்சுகளும் காற்றுப் போன பந்துகளும் கிடந்தன. இப்போது அவற்றோடு ஆலோசகரும் இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். கூரை படிக்கட்டோடு சேர்ந்து சரிந்து இறங்கும். முதுகு நிமிர உட்கார வேண்டுமென்றால் கதவோரம் உட்கார வேண்டும். மேலே பிள்ளைகள் ஓடினால் மேசையில் பென்சில்கள் குதிக்கும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் மனக்குறையைக் கேட்டு, தட்டிக்கொடுத்து, அவர்களைப் படிப்பில் முன்னுக்குக் கொண்டுவருவது அந்த அம்மாளின் வேலை. அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் குறை சொல்லவா பஞ்சம்.

தலைமையாசிரியைக்கு விதி என்றால் உயிர். பள்ளிக்கூடத்து விதிகள் அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பாதிக்கு மேல் அவரே போட்டவை. காது வேறு பாம்புக் காது. மாடியில் கடைசி வகுப்பில் சாக்பீஸ் உடைந்தால், கீழே தன் அறையில் இருந்தபடியே யார் உடைத்தது என்று ஆள் அனுப்பிக் கேட்பார். ஆலோசகர் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவருக்கும் இரண்டு விதிகள் போட்டார். ஆலோசனைக்கு அந்த மூன்று வகுப்பு மாணவர்களைத் தவிர வேறு யாரும் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது. அறைக்குள் சொன்னது அறையை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் ஆலோசகரும் கூடவே போக வேண்டியதுதான்.

வந்த பிள்ளைகளில் ஆலோசகரின் தூக்கத்தைக் கெடுத்தவள் ஏழாம் வகுப்பில் ஒரு பெண். வகுப்பே அவளைப் பூட்டு என்று கூப்பிட்டது. வீட்டில் நன்றாகப் பேசுவாளாம். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் மட்டும் வாய் திறக்க மாட்டாள். இதற்கு முன் சேர்ந்த பள்ளிக்கூடங்கள் இரண்டும் அவளைக் கைகழுவிவிட்டன. சலவைக் கடையில் இஸ்திரி போடும் அவள் அம்மா ஒருநாள் வந்து கதவோரம் நின்றாள்.

"இங்கயும் டீசி குடுத்துட்டாங்கன்னா இவள எங்க கொண்டுபோய்ச் சேக்கறது மிஸ்? கிட்டத்துல வேற பள்ளிக்கூடமே இல்ல. அப்புறம் என்கூட நின்னு இஸ்திரி போட வேண்டியதுதான்."

"நான் பாத்துக்கறேம்மா, நீங்க தைரியமாப் போங்க" என்று ஆலோசகர் வாக்குக் கொடுத்தார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை அவள் போன பிறகுதான் யோசித்தார்.

பூட்டு தன் நேரத்துக்கு ஒழுங்காக வருவாள், உட்காருவாள், மேசையில் இருக்கும் பென்சில்களை ஒவ்வொன்றாகச் சீவுவாள். ஆலோசகர் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவாள், அது ஆமாம் என்பதற்கா இல்லை என்பதற்கா என்று தெரியாது. மேசைப் பென்சில்கள் தீர்ந்ததும் ஆலோசகர் மற்ற வகுப்புகளிலிருந்து கடன் வாங்கிவந்து வைத்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் முனை மழுங்கிய பென்சில் ஒன்றுகூட இல்லாத நிலை வந்தது. பூட்டு மட்டும் திறக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பிற்பகல் தலைமையாசிரியை வந்து கதவுக்கு வெளியே நின்றார். நிலைப்படியைத் தாண்டவில்லை.

"உங்ககிட்ட கொஞ்சம் மனசு விட்டுப் பேசணும்."

"உள்ள வாங்க மேடம்."

"எப்படி வர்றது? நான் மாணவி இல்லையே."

"விதி போட்டதே நீங்கதானே மேடம். ஒரு வரி கூடச் சேத்துட்டா முடிஞ்சுது."

"என் வசதிக்கு விதிய வளைக்கச் சொல்றீங்களா?" என்று தலைமையாசிரியை முகம் சிவந்தார்.

அடுத்த திங்கட்கிழமை தலைமையாசிரியை ஏழாம் வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

சேருவதற்குத் தடை ஒன்றும் இல்லை. ஏழாம் வகுப்பில் சேரக் குறைந்தது இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று விதியில் இருந்தது. இத்தனை வயதுக்கு மேல் போகக் கூடாது என்று இல்லை. அப்படி ஒரு ஆசை யாருக்காவது வரும் என்று விதி எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். தையற்காரர் அளவெடுத்து நீலச் சீருடை தைத்துக் கொடுத்தார். காலை முதல் இரண்டு வகுப்பு நேரம் தலைமையாசிரியை. மூன்றாவது மணி அடித்ததிலிருந்து மதிய இடைவேளை முடியும் மணிவரை மாணவி. பிறகு மறுபடியும் தலைமையாசிரியை. சீருடையில் இருக்கும்போது மரியாதை கொடுக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். ஆகவே நாமும் அந்த நேரத்தில் அவள் இவள் என்றுதான் சொல்ல வேண்டும்.

புது மாணவி உயரம் என்பதால் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். அங்கே பூட்டுக்குப் பக்கத்தில்தான் இடம் காலியாக இருந்தது, அது எப்போதும் காலியாக இருக்கும் இடம்.

சேர்ந்த அன்றே அவள் மாடிப்படி அறைக்கு ஓடி வந்தாள். உள்ளே நுழைகையில் சரிவுக் கூரையில் நெற்றியை இடித்துக்கொண்டாள்.

"உக்காருங்க மேடம்" என்றார் ஆலோசகர், பழக்க தோஷத்தில்.

"மாணவிய 'நீங்க'ன்னா கூப்பிடுவீங்க?"

ஆலோசகர் திருத்திக்கொண்டார். "உக்காரும்மா. என்ன விஷயம்?"

"என்கூட யாரும் சாப்பிட வர்றதில்ல மிஸ்." சொல்லிவிட்டு அவள் பென்சில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டீச்சருங்க எல்லாம் ஒண்ணா உக்காந்து சிரிச்சுப் பேசிச் சாப்பிடுறாங்க. நான் போனா டப்பாவ மூடிட்டு எந்திரிச்சு நிக்கிறாங்க. எத்தனையோ வருஷமா எங்கிட்ட எல்லாரும் சொல்றது ஒரே வார்த்தைதான், 'சரிங்க மேடம்'. வீட்டுல அவருகூட அதத்தான் சொல்றாரு."

ஆலோசகருக்கு 'சரிங்க மேடம்' என்றுதான் வாயில் வந்தது. சிரமப்பட்டு அடக்கிக்கொண்டார். அவருக்கு அந்தப் பெண்பிள்ளைமேல் உண்மையாகவே இரக்கம் வந்தது.

"உன் பெஞ்சுல ஒருத்தி இருக்காளே, அவகூட உக்காந்து சாப்பிட்டுப் பாரேன்" என்றார்.

அதிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். ஆலோசகர் சன்னல் வழியாகப் பார்ப்பார். புது மாணவி ஓயாமல் பேசுவாள். பூட்டு மென்றுகொண்டே கேட்பாள், நடுநடுவே தன் டப்பாவை அவள் பக்கம் நகர்த்துவாள். ஒருநாள் பூட்டு சிரித்ததைப் பார்த்ததும் ஆலோசகருக்குக் கண் கலங்கியது. கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது. படித்துப் பட்டம் வாங்கியவர் அவர். சிரிக்க வைத்தது வேறு யாரோ.

எல்லாம் சரிதான், புது மாணவி படிப்பில் மண்டு. முக்கியமாகக் கணக்கு. தலைமையாசிரியை ஆகி வருஷக்கணக்கில் பாடம் நடத்தாமல் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். வீட்டுப்பாடம் எழுதாததற்கு இரண்டு முறை வகுப்புக்கு வெளியே நின்றாள். கணக்கு வாத்தியார் வேலையில் புலி, பயந்த சுபாவம் வேறு. மாணவியைத் திட்டாவிட்டால் தலைமையாசிரியை கோபிப்பார் என்று பயந்து, மற்றப் பிள்ளைகளை விட அவளை இரண்டு மடங்கு திட்டினார். கடைசியில் வீட்டிலிருந்து பெரியவர்களைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார்.

வந்தவர் அவள் வீட்டுக்காரர். கடிகாரக் கடை வைத்திருப்பவர், சாதுவான மனுஷன். ஆலோசகரும் பக்கத்தில் இருந்தார்.

"வீட்டுல உக்கார வச்சுப் படிக்க வைக்கிறீங்களா இல்லையா?" என்றார் கணக்கு வாத்தியார்.

"எங்க சார்" என்றார் வீட்டுக்காரர். மனைவி சீருடையில் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. "சொன்னா எங்க கேக்குறா? எப்பப் பாரு டிவி. நான் ஒருத்தன் கடையையும் பாத்துக்கிட்டு இவளையும் எத்தனன்னு பாக்கறது? நீங்களே நாலு வார்த்த நல்லாக் கேளுங்க சார்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு பேசியிருக்க மாட்டார். போகும்போது கணக்கு வாத்தியாரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. கணக்குத் தேர்வு முடிந்ததும் புது மாணவி நேராக மாடிப்படி அறைக்கு வந்தாள். இந்த முறை நெற்றியை இடித்துக்கொண்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"மிஸ், நான் பாத்து எழுதிட்டேன்."

"யாரப் பாத்து?"

"அவளப் பாத்துதான். பூட்டு. எனக்கு ஒண்ணுமே தெரியல. கையெல்லாம் வேர்த்துடுச்சு. பக்கத்துல அவ மளமளன்னு எழுதிட்டிருந்தா. பாத்தேன், எழுதிட்டேன்."

ஆலோசகர் அன்று அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். ஒரு தேர்வுதானே, போகட்டும் என்று நினைத்தார். மறுநாள் கணக்கு வாத்தியார் இரண்டு விடைத்தாள்களோடு ஆசிரியர் அறைக்குள் புயலாக வந்தார்.

கேள்வி சாதாரணமானதுதான். ஒரு சுவரை இத்தனை பேர் இத்தனை நாளில் கட்டினால், அதைச் சீக்கிரம் கட்டி முடிக்க எத்தனை ஆள் வேண்டும்? இரண்டு தாளிலும் விடை எட்டரை ஆள். பூட்டு மளமளவென்று எழுதியது அவ்வளவும் தப்பு. அதோடு விட்டதா? விடைக்குப் பக்கத்தில் எட்டு ஆள்களையும், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு அரை ஆளையும் படமாகப் போட்டிருந்தது. கணக்கில் விடை அரையாக வந்துவிட்டதே என்று பூட்டு வேடிக்கையாகப் போட்ட படம் அது. புது மாணவி எதைச் செய்தாலும் முழுதாகச் செய்கிறவள். அதையும் விடாமல் பார்த்துப் போட்டிருந்தாள்.

"படத்தக்கூட விடல பாருங்க" என்றார் கணக்கு வாத்தியார். "பெரிய மேடத்தோட பேப்பரப் பாத்து அடிச்சிருக்கா, அந்த ஊமக் கோட்டான். காப்பி அடிச்சா டீசின்னு விதி இருக்கு."

"பெரிய மேடம் பாத்து எழுதியிருக்கலாம் இல்லையா?" என்று ஆலோசகர் பட்டும் படாமலும் கேட்டார்.

ஆசிரியர் அறையே சிரித்தது. கணக்கு வாத்தியாருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பூட்டைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேசாதவளிடம் குற்றத்தைச் சுமத்துவது எவ்வளவு சுலபம் என்பதை ஆலோசகர் அன்று கண்ணால் பார்த்தார்.

நேரே தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். தலைமையாசிரியை மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், உங்களுக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"யாரு யாரப் பாத்து எழுதினதுன்னு."

"எப்படித் தெரியும்? ஒரு மாணவி உங்க அறையில உங்ககிட்ட ஏதோ சொல்லியிருக்கா. அது அறைய விட்டு வெளிய வரக் கூடாது. எங்கிட்டகூட வரக் கூடாது. வந்துச்சுன்னா உங்கள நான் வேலைய விட்டு அனுப்ப வேண்டியிருக்கும்." சற்று நிறுத்தி, "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லணும். காப்பி அடிச்சவங்களுக்கு டீசி. விதி விதிதான்" என்றார்.

ஆலோசகர் வெளியே வந்து படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்தார். வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு உண்மையை ஊரறியச் சொல்லிவிடலாம். சொன்னால் யார் நம்புவார்கள்? சிரிப்பார்கள். சலவைக் கடை அம்மாவின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. தலைமையாசிரியைமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனைக்கும் மறுநாள் மூன்றாவது மணி அடித்ததும் அந்தக் கதவில் வந்து நிற்கப்போகிறவள் அவரிடம் ஆலோசனை கேட்கும் மாணவி. அவளையும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டியது இவர் பொறுப்பு. யோசிக்க யோசிக்க, அந்தப் பொறுப்பு ஒன்றுதான் கையில் இருக்கிறது என்று தோன்றியது.

மறுநாள் அவள் வந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள்.

"மிஸ், அவளுக்கு டீசி குடுக்கப் போறாங்களாம்."

"தெரியும். நீ என்ன செய்யலாம்னு இருக்க?"

"நான் என்ன செய்ய முடியும்?"

"எச்.எம்.கிட்டப் போய் உண்மையச் சொல்லலாம்."

அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "ஐயோ, வேண்டாம் மிஸ். அவங்க ரொம்பக் கண்டிப்பு. சொன்னா கேக்கவே மாட்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா அவங்களப் பத்தி" என்று அவள் அழுதாள். "அவங்களுக்கு யார் மேலயும் இரக்கம் கிடையாது மிஸ். விதின்னு ஆரம்பிச்சா அவங்க வாய மூட முடியாது."

ஆலோசகர் கைக்குட்டையை நீட்டினார். "அவளுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா? உன் டப்பாவுல பாதி அவளுது, அவ டப்பாவுல பாதி உன்னுது. தனியாப் போக வேண்டாம். நானும் கூட வர்றேன்."

மதிய இடைவேளையில் இருவரும் போனார்கள். தலைமையாசிரியையின் அறை வாசலில் தப்புச் செய்த பிள்ளைகள் உட்காருவதற்கென்று ஒரு பெஞ்ச் உண்டு. பியூன் குறுக்கே வந்தார்.

"மேடம் உள்ள இல்ல. மணி அடிச்சாத்தான் வருவாங்க. அதுவரைக்கும் உக்காரும்மா" என்று சீருடையைப் பார்த்துச் சொன்னார். விதியைப் பிசகாமல் கடைப்பிடிப்பதில் அவரும் சளைத்தவர் இல்லை.

அவள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். "இந்த பெஞ்ச் இவ்வளவு ஆடும்னு எனக்குத் தெரியவே தெரியாது மிஸ்" என்றாள். பிறகு அங்கே உட்காரவே முடியாமல் எழுந்து கதவைத் தட்டினாள். பதில் வரவில்லை. ஆலோசகர் கதவைத் திறந்து அவளை உள்ளே நடத்திப் போனார்.

அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"மேடம், காப்பி அடிச்சது நான்தான். அவ எதுவும் பண்ணல. எட்டரை ஆளும் நான் அவளப் பாத்துப் போட்டதுதான். மன்னிச்சிடுங்க."

மணி அடித்தது. அவள் கண்ணைத் துடைத்தாள். மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போய், நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சற்று முன் தான் நின்ற இடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"உண்மையச் சொன்னது நல்ல விஷயம்" என்றார் தலைமையாசிரியை. "ஆனா விதி விதிதான்." டீசியில் கையெழுத்துப் போடும்போது அவர் பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அன்று சாயங்காலம் கடிகாரக் கடைக்காரர் வந்து அதை வாங்கிக்கொண்டு, மனைவியின் புத்தகப் பையையும் தூக்கிக்கொண்டு போனார்.

பூட்டு தப்பித்தாள். ஆலோசகர் கொடுத்த வாக்கு நின்றது. அவருக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் தலைமையாசிரியை மாடிப்படி அறையைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து போனபோது அந்த நிம்மதி இல்லை. இனி அவர் இந்த நிலைப்படியைத் தாண்ட முடியாது.

மூன்றாவது மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் பூட்டு வந்தாள். அது அவளுடைய நேரம் இல்லை. பென்சிலைத் தொடவில்லை, உட்காரவும் இல்லை.

"மிஸ்" என்றாள்.

ஆலோசகர் அசையவில்லை. அசைந்தால் குரல் நின்றுவிடும் என்று பயந்தார்.

"என் ஃப்ரெண்டுக்கு டீசி குடுத்துட்டாங்க." கரகரப்பான சின்னக் குரல். "எச்.எம்.முக்கு மனசே இல்ல மிஸ். நான் அவங்ககிட்டப் பேசணும். கூட வர்றீங்களா?"

இரண்டு பேரும் போய் அந்த ஆடும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பியூன் உள்ளே விட்டார். தலைமையாசிரியை நிமிர்ந்தார். பூட்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார்.

"என்ன?"

"அவ ரொம்ப நல்லவ மேடம்" என்றாள் பூட்டு. "வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. கணக்குன்னா அவளுக்குப் பயம், கையெல்லாம் நடுங்கும். அவ என் பேப்பர எட்டிப் பாக்கல. நான்தான் அவளுக்குத் தெரியற மாதிரி நகத்தி வச்சேன். குடுக்கறதுன்னா எனக்கும் டீசி குடுங்க."

பார்த்து எழுதினாலும் தாளைக் காட்டினாலும் விதி ஒன்றுதான்; அது பூட்டுக்கும் தெரியும். இத்தனை நாள் திறக்காத வாயைத் திறந்து, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாளே என்று ஆலோசகருக்கு அழுகை வந்தது. தலைமையாசிரியையின் கை பேனாவுக்குப் போனது. பேனாவை எடுத்தார். வைத்தார்.

"ஃபேன் சத்தத்துல நீ சொன்னது எதுவும் காதுல விழல" என்றார்.

மின்விசிறி ஓடவில்லை. காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பூட்டு நிமிர்ந்து, அசையாமல் தொங்கும் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு இன்னும் சத்தமாக ஆரம்பிக்கப் போனாள். ஆலோசகர் அவள் தோளை அழுத்தினார்.

"வேற ஏதாவது இருக்கா?" என்றார் தலைமையாசிரியை.

பூட்டு கொஞ்சம் யோசித்தாள். "டீசி வாங்கினவங்க எங்க பெஞ்சுல வந்து உக்காந்து சாப்பிடக் கூடாதுன்னு விதி இருக்கா மேடம்?"

தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடுகள் அசைந்தன. முதல் விதியிலிருந்து கடைசி விதிவரை அத்தனையையும் அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று ஆலோசகருக்குப் புரிந்தது. அதற்கு நேரம் பிடித்தது. இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"இல்ல" என்று கண்ணைத் திறந்தார். "அப்படி ஒரு விதி இல்ல."

"அப்ப அவளப் பாத்தா சொல்லிடுங்க. நான் இடம் புடிச்சு வச்சிருக்கேன்னு."

வெளியே மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. தலைமையாசிரியை மேசைக்கு அடியில் குனிந்து, தன் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க" என்றார். "எனக்கு ஒரு பழைய மாணவிகிட்ட ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கு."